வாசற்படியின் சரித்திரம்

உத்தியோகம் தேடிச் சென்ற இளைஞன் ஒருவன், தன் பெயரை எப்போது அழைப்பார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு, கையிலிருக்கும் காகிதங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களைப் பற்றிச் சரித்திர நூல்கள் பேசுவதில்லை. ஸ்தாபனங்களின் வரலாற்றை ஸ்தாபகர்களின் பெயராலும் லாப நஷ்டக் கணக்காலும் எழுதிவிடுகிறோம். உள்ளே சென்று உயர் பதவி வகித்தவர்களின் ஞாபகங்கள் புஸ்தகங்களாகின்றன; வாசற்படி வரை வந்து திரும்பிப் போனவர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமானவர்களே என்றாலும், அவர்களுடைய அநுபவம் அவரவர் வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிடுகிறது. வியாபாரிகளுக்கு யோசனை சொல்வதையே வியாபாரமாகக் கொண்டு அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய ஆலோசனை ஸ்தாபனங்கள், தங்களிடம் வேலைக்கு வரும் அபேட்சகர்களை ஒரு விசேஷமான முறையில் பரீட்சிக்கின்றன. ‘கேஸ் இன்டர்வியூ’ என்று மாணவர்கள் அச்சத்தோடும் ஆசையோடும் குறிப்பிடும் அந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது, எதை அளந்தது, எதை அளக்கத் தவறியது என்பவற்றை அந்த நாற்காலியின் பக்கத்திலிருந்தே பார்க்க விரும்புகிறேன்.

யோசனை சொல்லிக் கூலி பெறுவது புராதனமான காரியம். ஆனால் அதைச் சம்பளக்காரர்களை வைத்து நடத்தும் ஸ்தாபனமாக அமைத்தது சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில்தான். 1886-ல் பாஸ்டன் நகரில் ஆர்தர் டிஹான் லிட்டில் என்ற ரசாயன நிபுணர், ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து, தொழிற்சாலைகளுக்குச் சோதனை செய்து கொடுக்கும் நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். பன்றியின் காதைக் கொண்டு பட்டுப் பை செய்ய முடியாது என்று அந்நாட்டில் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியையே ஒரு சவாலாக எடுத்துக்கொண்டு, 1921-ல் அவருடைய நிலையத்தார் பன்றிக் காதுகளிலிருந்து எடுத்த பசையை இழையாக இழுத்து, சாயம் தோய்த்து, உண்மையாகவே ஒரு பையைப் பின்னிக் காட்டினார்கள். இதே தலைமுறையில் பிரெடரிக் டெய்லர் என்ற பொறியியலாளர் கையில் கடிகாரத்தோடு தொழிற்சாலைத் தளங்களில் நின்று, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். 1914-ல் எட்வின் பூஸ் என்பவர் சிகாகோவில் ஓர் ஆலோசனை நிலையம் திறந்தார். 1926-ல் அதே நகரத்தில், சிகாகோ சர்வகலாசாலையில் கணக்கியல் போதித்துவந்த ஜேம்ஸ் மெக்கின்ஸி என்ற பேராசிரியர் தம் பெயரால் ஒரு ஸ்தாபனத்தை நிறுவினார். 1933-ல் வர்த்தக பாங்கிகளையும் முதலீட்டு பாங்கிகளையும் பிரித்து அமெரிக்க அரசாங்கம் செய்த சட்டம், அதுவரை பாங்கிகள் தாமே செய்துவந்த கம்பெனி ஆராய்ச்சியை வெளியாரிடம் ஒப்படைக்கும்படி செய்தது என்றும், ஆலோசனைத் தொழில் தழைத்ததற்கு அது ஒரு முக்கிய காரணம் என்றும் சரித்திராசிரியர் கிறிஸ்டோபர் மக்கென்னா எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இந்த ஆரம்ப காலத்தில் வேலைக்கு வந்தவர்களை எவ்வாறு தேர்ந்தார்கள் என்றால், அதில் புதுமை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் பல வருஷம் பழகிய பொறியியலாளர், கணக்குப் புஸ்தகங்களில் முடி நரைத்த கணக்கர், விற்பனையில் தேர்ந்த மானேஜர் முதலியோரே வேண்டியிருந்தார்கள். தலைமுடியில் வெண்மை ஏறியவனிடம்தான் முதலாளி காசு கொடுத்து யோசனை கேட்பான் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆகவே பேட்டியில் கேட்கப்பட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இதுவரை எங்கே இருந்தீர், என்ன செய்தீர்? நம் ஊர்க் கச்சேரிகளில் உமேதுவார்களாகக் காத்திருந்தவர்களிடம் சிபாரிசுக் கடிதத்தையும் நற்சாட்சிப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்த வழக்கத்துக்கும் அதற்கும் சாரத்தில் பேதம் இல்லை. இரண்டிலும் மனிதனுடைய கடந்த காலமே விசாரிக்கப்பட்டது. அவன் எதிரில் உட்கார்ந்து எவ்வாறு யோசிக்கிறான் என்று எவரும் பார்க்கவில்லை.

அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் மார்வின் பௌவர். ஹார்வர்டில் சட்டமும் வியாபாரமும் இரண்டும் கற்று, க்ளீவ்லாந்து நகரத்தில் வக்கீல் ஸ்தாபனம் ஒன்றில் பணியாற்றிவிட்டு, 1933-ல் அவர் மெக்கின்ஸியிடம் வந்து சேர்ந்தார். நான்கு வருஷங்களுக்குள் மெக்கின்ஸி நிமோனியாவால் இறந்துபோகவே, ஸ்தாபனத்துக்கு ஓர் ஆத்மாவைக் கொடுக்கும் பொறுப்பு நாளடைவில் பௌவர் மேல் விழுந்தது. 1950 முதல் 1967 வரை அவரே அதன் தலைவர். ஆலோசனை சொல்வது கூலி வேலையன்று, வைத்தியமும் வக்கீல் தொழிலும் போன்ற ஒரு கௌரவமான விருத்தி என்பது அவருடைய சித்தாந்தம். அதை உடையிலும் நடையிலும் காட்ட வேண்டுமென்று, கறுப்பு சூட்டும் நீண்ட காலுறையும் தொப்பியும் அணிந்துதான் ஊழியர்கள் வெளியே செல்ல வேண்டும் என வற்புறுத்தினார்; அந்தத் தொப்பி 1960-களின் தொடக்கம் வரை நீடித்தது. நியூயார்க்கில் பால் க்ராவத் என்ற வக்கீல், அநுபவஸ்தர்களைத் தேடாமல் சட்டக் கல்லூரிகளின் சிறந்த மாணவர்களை நேரே எடுத்துப் பழக்கி, தேறியவர்களை மேலேற்றி, தேறாதவர்களை மரியாதையோடு அனுப்பிவிடும் ஏற்பாட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்திருந்தார். அந்த ஏற்பாட்டையே பௌவர் ஆலோசனைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். 1950-களில் மெக்கின்ஸி ஸ்தாபனம் வியாபாரக் கல்லூரிகளை அப்போதுதான் முடித்த இளைஞர்களை ஏராளமாக எடுக்கலாயிற்று.

இங்கேதான் ஒரு சங்கடம் பிறந்தது. ‘என்ன செய்தீர்’ என்று கேட்டால் இருபத்தைந்து வயதுப் பையன் என்ன சொல்லுவான்? அவனுக்குச் சொல்ல அநுபவம் இல்லை. கல்லூரி மதிப்பெண்ணோ அவனைப் போன்ற இன்னும் நூறு பேருக்கும் இருக்கிறது. செய்ததை விசாரிக்க வழியில்லாதபோது, செய்யப்போவதைச் சோதிப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அதற்கு ஒரு சாதனம் வேண்டும். அந்தச் சாதனம் வெளியிலிருந்து வரவில்லை. அந்த இளைஞர்கள் உட்கார்ந்து படித்த வகுப்பறையிலேயே தயாராக இருந்தது.

1870-ல் ஹார்வர்டின் சட்டக் கல்லூரியில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல் என்ற பேராசிரியர், சட்டத்தை விரிவுரையாகச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தி, உண்மையில் நடந்த வழக்குகளை மாணவர் கையில் கொடுத்து, ‘இதிலிருந்து நீயே சட்டத்தைக் கண்டுபிடி’ என்று கேள்வி கேட்கத் தொடங்கினார். 1908-ல் தோன்றிய ஹார்வர்ட் வியாபாரக் கல்லூரி அந்த முறையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஆசைப்பட்டது. ஆனால் வக்கீல்களுக்குக் கோர்ட்டுத் தீர்ப்புகள் அச்சில் இருந்தன; வியாபாரிகளின் சங்கடங்களை எழுதி வைத்தவர் யார்? 1919-ல் தலைமையேற்ற வாலஸ் டோனம், தாமே சட்டம் பயின்றவராதலால், ஆட்களை அனுப்பி வியாபார ஸ்தலங்களிலிருந்து அத்தகைய சம்பவங்களை எழுதி வாங்கும் வேலையை ஊக்கத்தோடு நடத்தினார். 1921-ல் கிளின்டன் பிடில் என்பவர் எழுதிய ‘ஜெனரல் ஷூ கம்பெனி’ என்பதை இந்த வரிசையில் முதலாவது என்பர். ஒரு பக்கத்துக்குள் அடங்குவது. செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளிகள் மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்னதாகவே வேலையை நிறுத்திவிடுகிறார்கள்; ஏன், என்ன செய்யலாம்? அவ்வளவுதான் கேள்வி. விடை அந்தப் பக்கத்தில் இல்லை. முன் வரிசையில் இருப்பவன் ஒரு காரணம் சொல்ல, பின் வரிசையில் இருப்பவன் அதை மறுக்க, பேராசிரியர் இருவரையும் மேலும் ஒரு கேள்வியால் மடக்க, அந்த விவாதத்திலேயே பாடம் நிகழ்ந்தது. ‘கேஸ்’ என்ற சொல் கோர்ட்டிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து பேட்டி அறைக்கும் வந்து சேர்ந்த வழி இதுவே.

அதே 1921-ஆம் வருஷம் இதற்கு நேர்விரோதமான ஒரு சோதனையும் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது. தாமஸ் ஆல்வா எடிஸன் தம்மிடம் வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்கு 140-க்கு மேற்பட்ட கேள்விகள் அடங்கிய ஒரு பட்டியலைத் தயாரித்திருந்தார். வோல்கா நதி எங்கே ஓடுகிறது, பிரான்ஸின் எல்லையில் எந்தெந்தத் தேசங்கள் உள்ளன என்பன போன்ற கேள்விகள் அதில் நிறைந்திருந்தன. பட்டியல் பத்திரிகைகளில் வெளியானபோது பெரும் விவாதம் எழுந்தது. அவ்வருஷம் பாஸ்டன் வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் ஒலியின் வேகம் என்ன என்ற கேள்வியைக் கேட்டார்கள். புஸ்தகத்தில் எளிதில் கிடைக்கும் விஷயங்களைத் தாம் மனத்தில் சுமந்து திரிவதில்லை என்று அவர் பதில் சொன்னார். பட்டுப் பையும், செருப்புத் தொழிற்சாலைப் பக்கமும், எடிஸனின் பட்டியலும் ஒரே வருஷத்தில் நேர்ந்தவை என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் மனிதனைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு மார்க்கங்கள் அந்த வருஷத்தில் ஒன்றுக்கொன்று எதிரே நின்றன. ஒன்று, அவன் தலையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. மற்றொன்று, தலையில் இல்லாத ஒன்றை எதிர்ப்படும்போது அவன் என்ன செய்கிறான் என்று கவனிப்பது.

சாதாரணப் பேட்டியை நம்பலாமா என்ற சந்தேகமும் புதிதன்று. வால்டர் டில் ஸ்காட் என்ற மனோதத்துவ நிபுணர் 1915-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். விற்பனை வேலைக்கு வந்த 36 அபேட்சகர்களை அநுபவம் மிக்க 6 மானேஜர்கள் தனித்தனியே பேட்டி கண்டு தகுதிப்படி வரிசைப்படுத்தினார்கள். அவர்களுள் 28 பேர் விஷயத்தில், ஒரு மனிதன் மேல் பாதியில் இருக்க வேண்டியவனா, கீழ்ப் பாதியில் இருக்க வேண்டியவனா என்பதில்கூட அந்த அறுவரும் ஒத்துப்போகவில்லை. ஆறு கண்ணாடிகளில் ஒருவனுடைய முகம் ஆறு விதமாகத் தெரிந்தால் குற்றம் முகத்திலா, கண்ணாடியிலா? எல்லோருக்கும் ஒரே விதமான கேள்வியை ஒரே விதமாகக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுப்பெற்றதற்கு இத்தகைய சோதனைகளே அஸ்திவாரம். ஆலோசனை ஸ்தாபனங்களின் கேஸ் பரீட்சைக்கும் அதனால் ஒரு நியாயம் உண்டு. கைகுலுக்கிய உறுதியையும் கழுத்துப்பட்டையின் நிறத்தையும் பார்த்துத் தீர்மானிப்பதைக் காட்டிலும், ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுத்துப் பார்ப்பது நேர்மையானது.

இந்தப் பரீட்சைக்குள் வந்து கலந்த இன்னொரு சிற்றாறு பௌதிக சாஸ்திரத்திலிருந்து புறப்பட்டது. 1945-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி விடியற்காலையில், நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது, என்ரிகோ ஃபெர்மி சில காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து கீழே விட்டு, வெடிப்பின் காற்று அவற்றை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று பார்த்து, வெடியின் சக்தி சுமார் பத்தாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று அங்கேயே கணித்தார். உண்மை அளவு அதைப்போல் சுமார் இரு மடங்கு. கருவி ஏதுமின்றிக் காகிதத்தைக் கொண்டு அந்த அளவுக்கு நெருங்கினார் என்பதே ஆச்சரியம். பின்னர் சிகாகோ சர்வகலாசாலையில் மாணவர்களிடம் அவர் கேட்டதாக வழங்கும் கேள்வி பிரசித்தமானது: இந்த நகரத்தில் பியானோ சுருதி கூட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

அந்தக் கேள்வியை ஒரு முறை நாமே போட்டுப் பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். நகரத்தில் 30 லட்சம் ஜனங்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு நால்வர் என்றால் ஏழரை லட்சம் குடும்பங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு பியானோ என்றால் ஒன்றரை லட்சம் பியானோக்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றுக்கும் சுருதி கூட்ட வேண்டும். ஒருவர் நாளைக்கு நான்கு வீதம், வருஷத்தில் 250 நாள் உழைத்தால் ஆயிரம் பியானோக்களைக் கவனிப்பார். ஆகவே சுமார் 150 பேர். இவற்றுள் ஒரு எண்ணுக்கும் நம்மிடம் சாட்சியம் இல்லை. ஆனாலும் பதினைந்து பேர் போதாது, பதினைந்தாயிரம் பேர் இருக்க முடியாது என்பது இப்போது உறுதியாகத் தெரிகிறது. முற்றிலும் தெரியாத ஒன்றைத் தெரிந்த சிறு சிறு துண்டுகளாகப் பிளந்து அணுகும் இந்தச் சாமர்த்தியத்தை ஆலோசனை ஸ்தாபனங்கள் தங்கள் பேட்டிக்கு எடுத்துக்கொண்டன. இன்று ‘கெஸ்டிமேட்’ என்று மாணவர்கள் அழைக்கும் கேள்விகள் யாவும் அந்தப் பியானோவின் சந்ததிகள்.

1963-ல் புரூஸ் ஹெண்டர்ஸன், பாஸ்டனில் ஒரு டிரஸ்ட் கம்பெனியின் ஆதரவில், பிற்காலத்தில் பாஸ்டன் கன்ஸல்டிங் குரூப் எனப் பெயர் பெற்ற ஸ்தாபனத்தைத் தனியொருவராகத் தொடங்கினார். முதல் மாதம் கிடைத்த வருமானம் 500 டாலர். அநுபவம் இரட்டிக்குந்தோறும் உற்பத்திச் செலவு ஒரு விகிதப்படி குறைகிறது என்ற தத்துவத்தையும், கம்பெனியின் தொழில்களைப் பசு, நாய், நட்சத்திரம், கேள்விக்குறி என நான்காகப் பிரிக்கும் சதுரத்தையும் உலகத்துக்குக் கொடுத்தது அந்த ஸ்தாபனமே. அங்கிருந்து பிரிந்த பில் பெய்ன் 1973-ல் தம்முடைய ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். மெக்கின்ஸியோடு சேர்த்து இம்மூன்று ஸ்தாபனங்களும் ஒரே கல்லூரிகளின் ஒரே மாணவர்களுக்காகப் போட்டியிட்ட காலத்தில்தான் கேஸ் பரீட்சை இன்று நாம் அறியும் உருவத்தைப் பெற்றது. பரீட்சகர், பெயர் மாற்றிய ஒரு கம்பெனியின் துன்பத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுவார்: பானம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் லாபம் மூன்று வருஷமாகக் குறைந்துவருகிறது, காரணம் என்ன? பிறகு மௌனம். அந்த மௌனத்தைச் சகிப்பதுதான் முதற் பரீட்சை என்று அதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள்.

பேச்சையும் எண்ணத்தையும் பகுத்து வைக்கும் ஒரு மொழியை இந்தத் தொழிலுக்குத் தந்தவர் ஒரு பெண்மணி. ஹார்வர்டில் வியாபாரப் பட்டம் பெற்ற பார்பரா மின்டோ 1963-ல் மெக்கின்ஸியின் க்ளீவ்லாந்து அலுவலகத்தில் சேர்ந்தபோது, அத்தகைய பட்டத்தோடு அந்த ஸ்தாபனத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதற்பெண் அவரே. 1966-ல் லண்டனுக்குச் சென்று, சகாக்கள் எழுதும் அறிக்கைகளைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, பிழை மொழியில் இல்லை, எண்ணத்தின் அடுக்கில் இருக்கிறது என்று அவர் கண்டார். ஒரு விஷயத்தைப் பிரித்தால் அதன் பாகங்கள் ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒன்றும் விடுபடவும் கூடாது என்ற அவருடைய விதி, ‘மீசீ’ என்ற குறுக்கப் பெயரோடு இன்று ஒவ்வொரு அபேட்சகனின் வாயிலும் புரளுகிறது. நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் அவ்வியாப்தி, அதிவியாப்தி என்று சொல்லும் தோஷங்களையும், நம் இலக்கண நூலார் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் குற்றமென்று வகுத்ததையும் அறிந்தவர்களுக்கு இந்த விதி அந்நியமாகத் தோன்றாது.

இந்தியாவுக்கு இந்தச் சம்பிரதாயம் வந்த வழி நேரானது. 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இரண்டு மானேஜ்மென்ட் கலாசாலைகள் தோன்றின. ஆமதாபாத் கலாசாலை ஹார்வர்டின் ஒத்துழைப்போடு, விக்ரம் சாராபாயின் மேற்பார்வையில், கேஸ் முறையையே பாடமுறையாக ஏற்றுக்கொண்டது. கோயம்புத்தூரில் பிறந்து உலகப் புகழ் பெற்ற சி.கே. பிரகலாத் அங்கே பயின்றவர். 1990-களில் அந்நிய ஆலோசனை ஸ்தாபனங்கள் பம்பாயிலும் டில்லியிலும் அலுவலகம் திறந்தபோது, அவர்கள் கேட்கப்போகும் கேள்வியின் இலக்கணத்தை முப்பது வருஷமாகக் கற்றுவந்த மாணவர்கள் இங்கே தயாராக இருந்தார்கள். அதற்கு முன்பே கடல் கடந்து சென்று அந்தக் கதவைத் தட்டிய இந்தியர் ஒருவரின் கதை நன்கு தெரிந்தது. டில்லி ஐ.ஐ.டி.யில் படித்து 1973-ல் ஹார்வர்டில் வியாபாரப் பட்டம் பெற்ற ரஜத் குப்தாவை, போதிய வேலை அநுபவம் இல்லையென்று மெக்கின்ஸி முதலில் நிராகரித்தது. அவருடைய பேராசிரியர் வால்டர் ஸால்மன், நியூயார்க் அலுவலகத்தின் தலைவர் ரான் டேனியலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பின்னரே கதவு திறந்தது. நிராகரிக்கப்பட்ட அந்த அபேட்சகர் 1994-ல் அந்த ஸ்தாபனம் முழுமைக்கும் தலைவரானார். கடிதம் எழுத ஒரு பேராசிரியர் இல்லாத அபேட்சகர்கள் எத்தனை பேர் அந்த வருஷம் அதே வாசலிலிருந்து திரும்பினார்கள் என்பதை எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை.

இன்று நம் நாட்டுக் கலாசாலைகளில் அந்தப் பருவம் வந்தால் விடுதிகளில் விளக்கு அணைவதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து பார்த்து ஒவ்வொரு ஸ்தாபனமும் ஒரு ‘ஷார்ட்லிஸ்ட்’ ஒட்டுகிறது. அதில் பெயர் வந்தவனுக்கு ஸ்தாபனத்தின் இளம் ஊழியர் ஒருவர் ‘பட்டி’யாக, அதாவது வழிகாட்டும் தோழராக, நியமிக்கப்படுகிறார். சீனியர்கள் ஜூனியர்களை நள்ளிரவில் எழுப்பிக் கேஸ் கொடுக்கிறார்கள். முதற்பெரும் ஸ்தாபனங்கள் வரும் நாளை ‘டே ஜீரோ’ என்கிறார்கள். முதல் நாளுக்கும் முந்திய நாளாம் அது.

என் சகோதரியின் மகன் அப்படி ஒரு கலாசாலையில் படித்தபோது, விடுமுறைக்கு வந்த இடத்தில் என்னையே பரீட்சகனாக உட்காரவைத்தான். “மாமா, நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. நான் கேட்டா மட்டும் நம்பரைச் சொல்லுங்க” என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே அமர்ந்தான். அதில் ஒரு பால் கம்பெனியின் கதை இருந்தது. கோடைக்காலத்தில் மட்டும் அதன் லாபம் விழுந்துவிடுகிறது. அவன் வெள்ளைத் தாளை எடுத்ததும் முதற்காரியமாக அதைக் கிடையாகத் திருப்பிக்கொண்டான். ஏன் என்று கேட்டேன். கிளை பிரித்து எழுத அப்போதுதான் இடம் போதும் என்றான். வரவு ஒரு கிளை, செலவு ஒரு கிளை. வரவின் கீழே விலை, விற்பனை. செலவின் கீழே கொள்முதல், கூலி, போக்குவரத்து. பென்ஸில் தடங்கலில்லாமல் ஓடியது. எல்லாம் சரியாக இருந்தும் விடை வரவில்லை. நான் வாக்குக் கொடுத்ததை மறந்து, “கோடையிலே பால் திரிஞ்சு போனா, வாங்கினவன் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பானேடா, அது எந்தக் கிளையிலே வரும்?” என்றேன். அவன் பென்ஸிலை வைத்துவிட்டான். சில விநாடிகள் தாளையே பார்த்தான். பிறகு முகமெல்லாம் மலர, கிளைகளை மறந்து, குளிர்பதனப் பெட்டி, வண்டி வந்து சேரும் நேரம், கடைக்காரன் ஐஸ் வாங்கும் காசு என்று கேள்விமேல் கேள்வியாக என்னையே விசாரிக்கத் தொடங்கினான். அரைமணிக்கு மேலாயிற்று, இருவருக்கும் நேரம் தெரியவில்லை. லாங்டெலின் வகுப்பிலும் ஃபெர்மியின் கரும்பலகை முன்னும் நிகழ்ந்திருக்கக்கூடியது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. விடையறியாத இருவர் ஒரே பொருளைக் குனிந்து பார்ப்பது. அதுவே இந்தப் பரீட்சையின் உயிர்.

ஆனால் எந்தப் பரீட்சையும் பிரசித்தமானவுடன் அதற்குக் கைடு பிறந்துவிடும். மார்க் கோஸன்டினோ எழுதிய ‘கேஸ் இன் பாயின்ட்’ என்ற புஸ்தகம் 1999-ல் முதலில் வெளிவந்தது. கேஸ்களை இன்னின்ன வகை என்று பிரித்து, இன்னின்ன வகைக்கு இன்னின்ன கிளை என்று கற்பிக்கும் நூல்களும் வகுப்புகளும் அதன்பின் பெருகின. யோசிப்பதைப் பார்ப்பதற்காக ஏற்பட்ட பரீட்சையில் யோசிப்பதைப் போன்ற பாவனை மனப்பாடமாக நடிக்கப்படலாயிற்று. எடிஸனின் பட்டியல் பின்வாசல் வழியாக மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. மெக்கின்ஸி 60 நிமிஷத்தில் 26 கேள்விகள் கொண்ட ஓர் எழுத்துத் தேர்வை வைத்துப் பார்த்தது. பிறகு 2020-ஐ ஒட்டி அதை விட்டு, பவளப் பாறையிலோ மலைப்பிரதேசத்திலோ ஒன்றையொன்று உண்டு வாழும் ஜீவராசிகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கச் சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்தது. அதற்கும் பயிற்சி விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

பயிற்சி வாங்க இயலாதவனுக்கு இதனால் நேரும் அநீதி ஒரு புறம் இருக்க, கணக்கில் தேறியவனும் வேறொரு தராசில் நிறுக்கப்படுகிறான். லாரன் ரிவேரா என்ற சமூகவியல் பேராசிரியர், ஆலோசனை ஸ்தாபனங்களிலும் முதலீட்டு பாங்கிகளிலும் வக்கீல் ஸ்தாபனங்களிலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 120 பேரை விசாரித்து, 2012-ல் ஒரு கட்டுரையும் 2015-ல் ‘பெடிக்ரீ’ என்ற நூலும் வெளியிட்டார். தம்மைப் போன்றே விளையாடி, தம்மைப் போன்றே பொழுதுபோக்கி, தம் தோழராகத் தக்கவராகத் தோன்றுபவரைத் தேர்வாளர்கள் விரும்பினார்கள் என்பது அவருடைய முடிவு. விமானம் தாமதமானால் இவனோடு விமான நிலையத்தில் இரவைக் கழிக்க எனக்குச் சம்மதமா என்று பரீட்சகர் தம்மையே கேட்டுக்கொள்ளும் ஒரு வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. பௌவரின் தொப்பி தலையிலிருந்து இறங்கிவிட்டது, மனத்திலிருந்து இறங்கவில்லை. ஆறு கண்ணாடிகளின் பிழையைத் திருத்த வந்த பரீட்சைக்குள் அதே கண்ணாடிகள் மீண்டும் நுழைந்துவிட்டன. மேலும், மிக உயர்ந்த பதவி வரை ஏறிய ரஜத் குப்தாவே 2012-ல், தாம் டைரக்டராக இருந்த கம்பெனியின் ரகசியங்களை வெளியிட்ட குற்றத்துக்காக அமெரிக்கக் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டதை எண்ணும்போது, புத்தியின் கூர்மையை அளக்கும் கோல் ஒழுக்கத்தை அளக்காது என்ற பழைய உண்மையும் நினைவுக்கு வருகிறது.

இத்தனை குறைகளையும் கண்ட பிறகும் இந்தப் பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிபாரிசுக் கடிதத்துக்கு நாம் திரும்பிப் போக முடியாது, போகவும் கூடாது. பெரும்பாலோர் தேறப்போவதில்லை என்று தெரிந்தே நூற்றுக்கணக்கான இளைஞர்களை அழைக்கும் ஸ்தாபனம், தேறாதவனுக்கும் ஒன்று கடன்பட்டிருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது. வேலையைக் கொடுக்க முடியாவிட்டாலும், அந்த அரைமணி நேரத்தையாவது உண்மையாகக் கொடுக்கலாம். எதிரில் இருப்பவனுடைய எண்ணத்தின் பின்னால் சிறிது தூரம் கூடவே நடந்து பார்க்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு போட முடியாத ஏழைகூட முகம் கொடுத்துப் பேசி அனுப்புகிறான்.

என் மருமகனுக்கு வேலை கிடைக்கவில்லை. பரீட்சகர் அரைமணி நேரமும் லாப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்றும், ஒரு சிமென்ட் ஆலையைப் பற்றிய கேள்வியில் பாதிக்கு மேல் வந்துகொண்டிருந்தபோது நேரம் ஆகிவிட்டதென்று கையை நீட்டினார் என்றும் சொன்னான். கை குலுக்குவதற்காக அன்று; எழுதிய தாள்களை வாங்கிக்கொள்வதற்காக. கேள்வி வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக அபேட்சகன் எழுதிய தாளைத் திரும்ப வாங்கிவிடுவது இந்தப் பேட்டிகளின் வழக்கம். கிழித்துப் போடப்படும் அந்தத் தாள்களில்தான் இந்த வாசற்படியின் உண்மைச் சரித்திரம் எழுதப்படுகிறது. ஆகவேதான் அது எவர் கைக்கும் கிடைப்பதில்லை.

அன்று இரவு சாப்பாடு ஆனதும் அவன் கூடத்தில் உட்கார்ந்து, மாதக் காலண்டரின் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தைக் கிடையாகத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினான். “கேள்வி நல்ல கேள்வி மாமா. இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தா வந்திருக்கும்” என்றான். சுண்ணாம்புக்கல் ஆலைக்கு வரும் தூரத்தை ஒரு பக்கமும், மூட்டை சந்தைக்குப் போகும் தூரத்தை மறு பக்கமும் குறித்து, நடுவில் கோடு போட்டு, இரண்டையும் ஒப்பிட்டான். பத்து நிமிஷம் ஆகவில்லை, விடை வந்துவிட்டது. தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினான். இப்போதும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.